வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லும் வைத்தியர் அந்த வீட்டையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்கு வடக்கில் இயந்திரம் போதாது, கட்டில் போதாது, மருந்து போதாது என்று உங்கள் பத்திரிகைக்கு வரும் கடிதங்களைத் தவறாமல் வாசிக்கிறேன். எல்லாம் நியாயமானவை. ஆனால் ஒரு குறையைப் பற்றி யாரும் எழுதி நான் காணவில்லை. நோய் இனிக் குணமாகாது என்று தெரிந்த பிறகு அந்த நோயாளியோடு எப்படிப் பேசுவது, அவருடைய நோவுக்கு எதை எப்படிக் கொடுப்பது என்ற பயிற்சி, அதாவது நோய்த்தணிப்புப் பராமரிப்பு, புற்றுநோய் வைத்தியர்களுக்குப் போதாமல் இருக்கிறது. இதை எழுதும் நான் வைத்தியர் அல்ல. முல்லைத்தீவு மாவட்டத்தில் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் இன்றைக்கும் என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களிலும் பிள்ளைகளை நிறுக்கும் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவள் நான். ஆகையால் வைத்தியத்துறையில் குற்றம் பிடிக்க வந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் பெரியண்ணா முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் வயல் செய்தவர். பதினாறு வயதில் வாயில் போட்ட வெற்றிலையை அறுபத்தேழு வயது வரை துப்பவில்லை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, எல்லாம் சேர்த்துத்தான். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்று ஊர் ஊராகக் கூட்டம் வைத்துச் சொன்னவள் நான். கூட்டத்துக்கு வந்தவர்களையெல்லாம் வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். அண்ணாவின் வாயை ஒருநாளும் பார்க்கவில்லை. இடது கன்னத்தின் உட்பக்கம் புண் வந்து நாலு மாதம் போன பிறகுதான் அவர் சொன்னார்.

வன்னியிலிருந்து புற்றுநோய்க்குப் போகிறவர்கள் தெல்லிப்பழைக்கும் போவார்கள், அநுராதபுரத்துக்கும் போவார்கள், மகரகமைக்கும் போவார்கள். அண்ணா எங்கே போனார் என்று எழுத மாட்டேன். முதல் ஒன்றரை வருடம் அங்கே நடந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சத்திரசிகிச்சை செய்தார்கள், ஆறு கிழமை கதிர் கொடுத்தார்கள், ஒரு சதம் வாங்கவில்லை. அந்த விடுதித் தாதியர்களை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பிறகு கழுத்தில் கட்டி வந்தது. மருந்து ஏற்றினார்கள். கட்டி கேட்கவில்லை. மாசி மாதத்தில் ஒரு கிளினிக் நாள். இரவு பஸ்ஸில் போய் விடிய நாலரை மணிக்கு வரிசையில் நின்றோம், எங்கள் துண்டின் இலக்கம் 74. உள்ளே போனபோது மணி பன்னிரண்டரை. வைத்தியர் சிங்களவர், முகம் பார்த்துப் பேசும் நல்ல மனிதர். எங்களுக்குச் சிங்களம் விளங்காது, அவருக்குத் தமிழ் தெரியாது. இடையில் நின்றவர் ஒரு சிற்றூழியர். வைத்தியர் அண்ணாவின் மகனைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார். கையைக் காட்டினார், கழுத்தைக் காட்டினார், இரண்டு தடவை தலையை அசைத்தார். தமிழில் எங்களிடம் வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: "இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். வீட்டுக்குக் கொண்டுபோகட்டாம்."

மிச்சப் பேச்சு எங்கே போனது என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பார். நோவுக்கு இன்ன இன்ன செய்யுங்கள் என்று விளக்கியுமிருப்பார். அது அந்த இரண்டு அடி தூரத்தில் தொலைந்துபோனது. சிற்றூழியரில் பிழை இல்லை, அவருடைய வேலை கட்டில் தள்ளுவது. வைத்தியரிலும் பிழை என்று சொல்லமாட்டேன். மொழி தெரியாத நோயாளியிடம் மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு இப்படியான செய்தியைச் சொல்வது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அண்ணாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் அந்த வசனம் அவருக்குச் சொல்லப்படவில்லை, மகனுக்குச் சொல்லப்பட்டது. பஸ்ஸில் அவர் மகனிடம் கையால் கேட்டார், அடுத்த கிளினிக் எப்போது என்று. மகன் ஒரு விரலைக் காட்டினான், ஒரு மாதம் என்று. அன்றைக்குத் தொடங்கியது எங்கள் வீட்டுப் பொய். மச்சாள் ஒரு பொய், நான் ஒரு பொய், பேரப்பிள்ளைகளுக்கும் பொய் பழக்கினோம். இன்னும் வைத்தியம் இருக்கிறது என்று நம்பிய மனிதர் சும்மா இருப்பாரா? கொழும்பில் தனியாரிடம் காட்டுவதற்கென்று லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை விற்றார். அந்தக் காசில் ஒரு ஸ்கான் எடுத்தோம். முதல் இடத்தில் தெரிந்ததையே அதுவும் காட்டியது.

கிளினிக்கில் கடும் நோவுக்குக் கொடுக்கும் மோர்பின் குளிசையும் தந்திருந்தார்கள், 10 மில்லிகிராம். 'நோ வந்தால் போடவும்' என்று அட்டையில் இருந்தது. நோ வந்தால் என்றால் எவ்வளவு நோ? அண்ணா பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார், தாங்கமுடியாமல் போகும்போது ஒன்று போடுவார், அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் உயிர் போய் வரும். மிச்சத்தைப் பின்னுக்கு உதவும் என்று சேர்த்து வைத்தார். நாலு நாளில் மலம் இறுகியது. ஆறாம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. குளிசையால்தான் வந்தது என்று சரியாகவே பிடித்துக்கொண்டு குளிசையை நிறுத்தினோம். மோர்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும் என்பது இந்த மருந்தின் முதற்பாடம். இது எனக்கும் தெரியாது. பிரசவ விடுதியில் நோவுக்குப் பெத்திடின் ஊசி போடுவதைக் கண்டதோடு என் அறிவு சரி. ஆனால் மருந்து எழுதியவர் அட்டையில் ஒரு வரி சேர்த்திருந்தால் அண்ணா அந்த ஆறு நாளைப் பட்டிருக்க மாட்டார்.

மச்சாளுக்கு வேறு பயம். ஊரில் இளம் பொடியன்கள் தூள், ஐஸ் என்ற போதைப்பொருட்களுக்கு அலைகிற காலம் இது. வீட்டில் இப்படி ஒரு சாமான் இருப்பது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தாள். பொலிஸ் வருமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். அதைவிடப் பெரிய பயம், அது சாகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்து, கொடுத்தால் போய்விடுவார் என்பது. இந்தப் பயங்களையெல்லாம் பத்து நிமிடத்தில் போக்கியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

பங்குனி தொடக்கத்தில் எங்கள் பக்கத்துச் சிறிய வைத்தியசாலைக்குப் புதிதாக வந்திருந்த பெண் வைத்தியர் ஒருவரிடம் அழாத குறையாகப் போய் நின்றேன். நோய்த்தணிப்புப் பராமரிப்பில் சில நாள் பயிற்சி எடுத்தவராம். (தணிப்பு என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அடுப்பை அணைப்பது வேறு, தணிய விடுவது வேறு என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.) பின்னேரம் தன்னுடைய ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்தார். கதிரை போட்டோம். அதைத் தள்ளிவிட்டு அண்ணாவின் கட்டிலோடு இருந்த வாங்கில் உட்கார்ந்தார். "ஐயா, இப்போது உங்களுக்கு ஆகக் கூடிய கஷ்டம் எது?" என்று கேட்டார்.

அண்ணாவால் அப்போது பேசமுடியாது. பேரனின் அப்பியாசக் கொப்பியில் எழுதுவார். நோ என்று எழுதுவார் என்று நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். 'நாற்றம்' என்று எழுதினார்.

கழுத்துப் புண் உடைந்து ஒழுகத் தொடங்கி மூன்று கிழமையாகியிருந்தது. நுளம்பு வலைக்குள் கிடந்தார், இலையான் தொல்லைக்கு. அந்த மணத்தால் பேரப்பிள்ளைகள் விறாந்தையோடு நின்றுவிடுவார்கள். மச்சாள் சாம்பிராணி போட்டுப் போட்டு வீடு கோயில் மாதிரியும் பிணவறை மாதிரியும் ஒரே நேரத்தில் மணத்தது. ஒரு தடவைகூட அவர் அதைப் பற்றி முறைப்பட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை, கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று. வைத்தியர் செய்தது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. மெட்ரோனிடசோல் குளிசையைத் தூளாக்கிப் புண்ணைக் கழுவிய பிறகு தூவச் சொன்னார். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிதான் அந்த மணத்துக்குக் காரணம், இது அதைக் கொல்லும் என்றார். எந்த டிஸ்பென்சரியிலும் கிடைக்கிற மலிவான குளிசை. நாலு நாளில் மணம் பாதிக்கு மேல் குறைந்தது. ஐந்தாம் நாள் சின்னப் பேரன் வலைக்குள் புகுந்து தாத்தாவோடு படுத்துவிட்டான்.

மோர்பினை மணிக்கூட்டுக்குக் கொடுக்கச் சொன்னார். நோ வருகிறதோ இல்லையோ நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. காலை ஆறு, பத்து, இரண்டு, ஆறு, இரவு பத்துக்கு மட்டும் இரட்டிப்பு, அப்போது நடுச்சாமத்தில் எழுப்பத் தேவையில்லை. இடையில் நோ குத்தினால் அதற்கு வேறாக ஒன்று. இரவில் மலமிளக்கி. விழுங்கக் கஷ்டம் என்றால் இந்தக் குளிசையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், ஆனால் மெதுவாகக் கரையும் வகை ஒன்று இருக்கிறது, அதை ஒருநாளும் பொடியாக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நோவுக்கு அளவாகக் கொடுக்கிற மோர்பின் ஆளைப் போதைக்காரனாக்காது, மூச்சையும் நிறுத்தாது என்று மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வாளிக்குள் இருந்தது மேசை இலாச்சிக்கு வந்தது, பூட்டோடு.

இரண்டாம் தடவை வந்தபோது அண்ணாவிடம், "உங்கள் வருத்தத்தைப் பற்றி என்ன விளங்கியிருக்கிறீர்கள்? இன்னும் தெரிந்துகொள்ள விருப்பமா, மகனோடு பேசினால் போதுமா?" என்று கேட்டார். அண்ணா கன நேரம் யோசித்து எழுதினார், 'பொங்கலுக்கு இருப்பேனா' என்று. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில். வைத்தியர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "ஐயா, கிழமைக் கணக்கில்தான் எனக்குச் சொல்ல முடிகிறது, மாதக் கணக்கில் சொல்ல முடியவில்லை" என்றார். அண்ணா தலையாட்டினார். எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது என்று நினைக்கிறேன். நியாயமான கோபம். அடுத்த பத்து நாளும் அந்தக் கொப்பி நிறைய எழுதினார். எந்தத் துண்டு வயல் யாருக்கு, சங்கத்தில் எவ்வளவு கடன், மொட்டைக்கறுப்பன் விதைநெல் எந்த மூட்டையில் இருக்கிறது, யாருக்குக் கொடுக்கக் கூடாது. கடைசி விடயத்தை இரண்டு தடவை கோடு போட்டு எழுதியிருக்கிறார். பங்குனி முடிவதற்குள் தன்னுடைய கட்டிலில், பகல் வேளையில், நோ இல்லாமல் போனார்.

இப்போது அந்தப் பெண் வைத்தியரும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். எங்கள் அயலில் அதன்பிறகு இரண்டு பேர் இதே நோயால் போனார்கள். அவர்களுக்கு அந்த ஸ்கூட்டி வரவில்லை. அண்ணாவுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். நான் கேட்பது அதிர்ஷ்டத்துக்கு வேலை வைக்காத ஒரு ஏற்பாடு.

இதற்கென்றே தனி நிபுணர்கள் வரட்டும் என்று சிலர் சொல்வார்கள். வரட்டும். நோய்த்தணிப்பு மருத்துவத்துக்குப் பட்டப்பின் டிப்ளோமா நாட்டில் இருக்கிறது, 2019 முதல் 2023 வரைக்கென்று ஒரு தேசியத் திட்டமும் எழுதினார்கள். ஆனால் தனி நிபுணர் ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் மல்லாவிக்கும் எப்போது வந்து சேருவார்? புற்றுநோய் வைத்தியரை நாங்கள் எப்படியும் பார்க்கிறோம், எத்தனை மணித்தியாலம் பஸ்ஸில் இருந்தாவது. நோயாளியின் நம்பிக்கை முழுவதும் அவரிடம்தான் இருக்கிறது. சிகிச்சையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவெடுப்பவரும் அவரே. அந்த இடத்தில் பேசத் தெரிய வேண்டியவரும் அவராகத்தான் இருக்க முடியும்.

தாதியப் படிப்புப் படிக்கும் என் மகள் சில விடயங்களைத் தேடி வாசித்துச் சொன்னாள். அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்ட 151 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்களாம். ஒரு பகுதிக்கு வழமையான சிகிச்சை, மற்றப் பகுதிக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும். 2010 இல் முடிவு வெளிவந்தது. இரண்டாவது கூட்டத்தாருக்கு மனச்சோர்வு குறைவு, கடைசி நாட்களில் வீண் சிகிச்சையும் குறைவு. அப்படியிருந்தும் இடைநிலைக் கணக்கில் அவர்கள் 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். கைவிட்ட பிறகு கொடுக்கிற ஆறுதல் என்று இதை நினைப்பவர்கள் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். கெட்ட செய்தியைச் சொல்வதற்கும் 2000 ஆம் ஆண்டிலேயே புற்றுநோய் வைத்தியர்களுக்கென்று ஆறு படியில் ஒரு முறை எழுதி வைத்திருக்கிறார்கள். தனியிடத்தில் உட்காருவது, நோயாளிக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிய விருப்பம் என்று கேட்பது, பிறகு சொல்வது, அழுதால் அதற்கு இடம் கொடுப்பது, கடைசியில் இனி என்ன செய்வோம் என்று சேர்ந்து முடிவெடுப்பது. அந்தப் பெண் வைத்தியர் வாங்கில் உட்கார்ந்து செய்தது இதுதான் என்று மகள் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது, அது அவருடைய பிறவிக் குணம் மட்டும் அல்ல, படித்துப் பழகியதும்கூட.

பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன வலி நிவாரணக் கிளினிக்காகத் தொடங்கியது, பிறகு ஊர்ச் சனமே கையில் எடுத்து வீடு வீடாகப் போகிற அளவுக்கு வளர்ந்தது. 2008 இல் அரசாங்கமே அதற்கொரு கொள்கை வகுத்தது. எங்களிடமும் வீடு வீடாகப் போகிற ஏற்பாடு புதிதல்ல. அதைத்தான் நான் 31 வருடம் செய்தேன். பிள்ளை பிறக்கிற வீட்டுக்குப் போக எனக்குப் பதினெட்டு மாதம் பயிற்சி தந்தார்கள். சாகிற வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போனேன்.

நேரம் எங்கே என்று வைத்தியர்கள் கேட்பார்கள். உண்மைதான், 2022 நெருக்கடியோடு எத்தனையோ பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், இருப்பவர்கள் இரண்டு பேரின் வேலை செய்கிறார்கள். ஆனால் ஒரு நிமிடம் பேசியதை ஒழுங்காகப் பேசியிருந்தால் எங்களுக்கு ஒரு லாண்ட்மாஸ்டரும், கொழும்பு வைத்தியசாலைக்கு ஒரு வீண் ஸ்கானும் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வன்னிச் சனம் நோவைத் தாங்கும் என்ற ஒரு எண்ணம் எங்கள் வைத்தியர்களிடம் இருக்கிறது. எங்களிடமும் இருக்கிறது. 2009 இல் மயக்க மருந்தே போதாமல் காயத்துக்குத் தையல் போட்டதைக் கண்ட சனம் நாங்கள். அண்ணாவின் முதுகில் இரண்டு ஷெல் துண்டு கடைசிவரை இருந்தது. அதைத் தாங்கின ஆளுக்கு இது என்ன என்று அவரே நினைத்திருப்பார். அதனால்தான் கிளினிக்கில் நோ எப்படி என்று கேட்டால் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார். எங்கள் பக்கத்து நோயாளி 'பரவாயில்லை' என்று சொன்னால் அதற்குப் பிறகுதான் விசாரணையே தொடங்க வேண்டும் என்று பயிற்சியில் யாராவது சொல்லிக்கொடுங்கள்.

என் வேண்டுகோள் அதிகம் இல்லை. புற்றுநோயியலில் நிபுணத்துவத்துக்குப் படிக்கும் ஒவ்வொரு வைத்தியரும், புற்றுநோய் விடுதியில் வேலை செய்யும் மருத்துவ அதிகாரிகளும், நோய்த்தணிப்பைக் கட்டாயமாகப் படித்து, அதில் சித்தியடைந்த பிறகே அந்தக் கதிரையில் இருக்கட்டும். விடுதியில் படிப்பது மட்டும் போதாது. அவர்களில் கொஞ்சப் பேரையாவது இரண்டு கிழமைக்கு இங்கே அனுப்புங்கள். குடும்பநல உத்தியோகத்தரின் சைக்கிளுக்குப் பின்னால் வரட்டும். தாங்கள் எழுதிய துண்டைக் கொண்டு முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் பஸ்ஸில் ஏறி இறங்குகிற மகனோடு ஒருநாள் போய்ப் பார்க்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்வதோடு, ஊர் வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும் எழுதி, ஒரு தொலைபேசி அழைப்பும் எடுக்கப் பழகட்டும். எங்களுக்குத் தந்த அட்டையில் நோயின் பெயர் சுருக்கெழுத்தில் இருந்தது, அடுத்து யாரிடம் போவது என்று எதுவும் இருக்கவில்லை. தமிழ் தெரியாதவர்களுக்குத் தமிழும் படிப்பியுங்கள், முழுவதும் வேண்டாம், 'உங்களுக்கு ஆகக் கூடிய கஷ்டம் எது' என்ற அந்த ஒரு கேள்வியையும் அதன் பதிலையும் விளங்கும் அளவுக்கு.

கடைசியாக ஒரு சின்ன விசாரணை. அண்ணா போன பிறகு பதினொரு மோர்பின் குளிசை மிச்சம். இலாச்சியில் வைத்திருக்கப் பயம், கிணற்றடியில் கொட்டவும் மனம் வரவில்லை. எண்ணி ஒரு கடிதவுறையில் போட்டு இரண்டு இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கொடுத்ததைப் பதிவு செய்யப் புத்தகம் இருக்கிறதாம், திருப்பி வாங்குவதைப் பதிவு செய்ய ஒன்றும் இல்லையாம். இவற்றை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பொறுப்பான அதிகாரி ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதினால் எனக்கும், என்னைப் போல இலாச்சியைப் பூட்டி வைத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
ஒட்டுசுட்டான்.